கணக்கு ஒத்துவராத கடிகாரம்: நான்கு ஆண்டுகளுக்குப் பின்

தொழிலால் நான் கணக்கர். ஏட்டில் ஒரு காசு இடித்தாலும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். இப்படிப்பட்ட ஆள் நாற்பது வயதில், 78 கிலோ எடையோடு ஓடத் தொடங்கினால் முதலில் என்ன வாங்குவான்? நல்ல காலணிதான் வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கியது, உடல் எவ்வளவு செலவழிக்கிறது என்று சொல்லும் கைக்கடிகாரம்.

அதைக் கட்டி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஓராண்டு கழித்து மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை வந்தது. கடைசி ஒன்றரை ஆண்டாக சைக்கிள் பெடலில், மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டரும் இருக்கிறது. மூன்றின் நிறுவனப் பெயரையும் சொல்லப்போவதில்லை. இங்கே நான் குறை சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. இன்னொரு நிறுவனத்தின் கடிகாரத்தை வாங்கியிருந்தாலும் இதே கதையை வேறு எண்களோடு எழுதியிருப்பேன்.

முதல் ஆண்டில் நான் செய்தது மிக எளிய கழித்தல். சாப்பிட்டதையெல்லாம் செயலியில் பதிவேன், அது வரவு. கடிகாரம் காட்டும் எண் செலவு. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் பயிற்சி, அதில் 25 கிலோமீட்டர் ஓட்டம், மீதி நடை. சராசரியாக நாளொன்றுக்கு 250 கலோரி பற்றாக்குறை என்று செயலி காட்டியது. (நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. வழக்கத்தை மாற்ற நான் யார்.) 300 நாள் பதிவுகளைக் கூட்டினால் 75,000. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஒன்பதே முக்கால் கிலோ குறைந்திருக்க வேண்டும்.

குறைந்தது ஒன்றரை கிலோ.

அலுவலகத்தில் யாராவது இப்படி ஓர் ஏட்டை என்னிடம் நீட்டியிருந்தால் கையாடல் என்றே எழுதியிருப்பேன். எட்டு கிலோவுக்கு மேல் காணவில்லை. அதைத் தேடியதில்தான் அடுத்த மூன்று ஆண்டுகள் போயின.

கடிகாரத்துக்கு என்ன தெரியும்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடிகாரம் கலோரியை அளப்பதே இல்லை. மணிக்கட்டுத் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அதிலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. கூடவே கையசைவு, ஜிபிஎஸ் தூரம், நாம் பதிந்து வைத்த வயது, எடை, உயரம், பாலினம். இவற்றையெல்லாம் நிறுவனத்தின் சூத்திரத்தில் போட்டுப் பிசைந்து ஓர் எண்ணைத் தருகிறது.

உண்மையான அளவை மூச்சில் இருக்கிறது. 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே தன் உதவியாளர் செகுவினின் முகத்தில் கவசம் மாட்டி, காலால் மிதித்து வேலை செய்யவைத்து, அவர் உள்ளிழுத்த ஆக்சிஜன் வேலைக்கேற்பக் கூடுவதைக் காட்டினார். இன்றைய ஆய்வகமும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது. உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் கிட்டத்தட்ட 5 கலோரி வெளிப்படும். கொழுப்பு மட்டும் எரிந்தால் 4.7, மாவுச்சத்து மட்டும் எரிந்தால் 5.05. வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தால் எது எவ்வளவு எரிகிறது என்றும் தெரிந்துவிடும். இரண்டையும் கலோரியாக மாற்ற வெயர் என்ற ஆய்வாளர் 1949இல் தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கடிகாரத்துக்கு மூக்கு கிடையாது. அது துடிப்பைப் பார்த்து ஆக்சிஜனை ஊகிக்கிறது, ஆக்சிஜனிலிருந்து கலோரியை ஊகிக்கிறது. ஊகத்தின் மேல் ஊகம். இதயம் வேகமாகத் துடிக்க ஓட்டம் மட்டுமா காரணம்? ஒருநாள் காலை நடையை முடித்துவிட்டுப் பதிவை நிறுத்த மறந்து அலுவலகம் போய்விட்டேன். அன்றைக்குத் தணிக்கையாளர்களுடன் நீண்ட கூட்டம். மாலையில் பார்த்தால் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு 340 கலோரி பயிற்சிக் கணக்கில் ஏறியிருந்தது. அவ்வளவு பயந்திருக்கிறேன் என்பது மட்டும் உண்மை.

என் கடிகாரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கின்றன, ஆனால் மூக்கு இன்னும் முளைக்கவில்லை.

துடிப்பை எண்ணுவதிலும் மணிக்கட்டுக்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. குளிர்ந்த காலைகளில் ஓட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே என் துடிப்பு 170 என்று காட்டும். மூச்சோ நிதானமாக இருக்கும். பல நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது: நிமிடத்துக்கு நான் வைக்கும் அடிகளும் 170. குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்ததும் கடிகாரம் நாடியை விட்டுவிட்டு என் கால்களை எண்ணிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நகராதபடி இறுக்கிக் கட்டியதும் பாதி சரியாயிற்று. மீதிப் பாதிக்காகத்தான் மார்புப் பட்டை வாங்கினேன். அது இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. மார்பில் படும் பகுதியை நனைத்துவிட்டுக் கட்டவேண்டும்; முதல் மாதம் அதை மறந்து நானும் ஏமாந்தேன்.

இன்னொரு சில்லறை விஷயம். இலகு, நடுத்தரம், கடினம் என்று துடிப்பு மண்டலங்களைப் பிரிக்க, கடிகாரம் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை வைத்துக்கொள்கிறது. எனக்கு அது 180. ஒருநாள் மேட்டில் முழுமூச்சாக ஓடியபோது மார்புப் பட்டையில் பதிவானது 191. அந்தச் சூத்திரம் ஒரு பெருங்கூட்டத்தின் சராசரி. தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு இப்படியும் அப்படியும் இருப்பது சாதாரணம். இரண்டு ஆண்டுகள் கடிகாரம் "அதிகபட்ச முயற்சி" என்று கூவிக்கொண்டிருந்த ஓட்டங்களில் நான் பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக்கொண்டு போயிருக்கிறேன்.

முகக்கவசத்தோடு ஒரு காலை

இரண்டாம் ஆண்டின் முடிவில், ஒரு பல்கலைக்கழக விளையாட்டு அறிவியல் ஆய்வகத்தில் தன்னார்வலர்கள் தேவை என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். ஆய்வுக்கு உதவும் நோக்கம் கொஞ்சம். என் கடிகாரத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசை நிறைய. அன்றைக்கு என் எடை 76.

மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் கவசத்தோடு 20 நிமிடம் டிரெட்மில்லில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினேன். ஓய்வுக்குப் பின் 20 நிமிடம் நிலைச் சைக்கிளில் 150 வாட் மிதித்தேன். கவசத்துக்குள் மூச்சுவிடுவது முதல் ஐந்து நிமிடம் பாடாய்ப்படுத்தியது, பிறகு பழகிவிட்டது.

ஓட்டத்துக்கு ஆய்வகத்தின் எண் 248. மார்புப் பட்டை தன் செயலியில் காட்டியது 279. கடிகாரம் 312, அதாவது 26 சதவீதம் கூடுதல். இதை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். சைக்கிளில் ஆய்வகம் சொன்னது 196, பட்டை 218, கடிகாரம் 141. இதைத்தான் எதிர்பார்க்கவில்லை. ஓட்டத்தில் தாராளமாக அள்ளிக்கொடுத்த கை சைக்கிளில் 28 சதவீதத்தைப் பிடித்தம் செய்திருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றும்போது மணிக்கட்டு மடங்கி ஒளியுணரி தடுமாறுகிறது, கையசைவும் கிடையாது, ஆகவே ஆள் சும்மா இருக்கிறான் என்று அது நினைத்துக்கொள்கிறது. பிழை எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால் ஒரு பெருக்கல் எண்ணை வைத்துச் சரிசெய்துவிடலாம். பயிற்சிக்குப் பயிற்சி திசை மாறினால் எதைக் கொண்டு திருத்துவது?

ஓட்டத்தைப் பொறுத்தவரை கருவியே தேவையில்லை என்பதையும் அங்கேதான் கற்றேன். சமதளத்தில் ஓடும்போது ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை. வேகம் கூடினால் நிமிடச் செலவு கூடும், நிமிடங்கள் குறைந்துவிடும். 76 கிலோ, 3 கிலோமீட்டர், 228. அந்த 20 நிமிடம் சும்மா நின்றிருந்தாலும் உடல் செலவழித்திருக்கும் இருபது சொச்சத்தைச் சேர்த்தால் ஆய்வகத்தின் 248 அப்படியே வந்து நிற்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பள்ளிப் பிள்ளை சொல்லிவிடக்கூடிய விடை. நான் அதற்கு இரண்டு ஆண்டுகள் கடிகாரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த "சும்மா நின்றிருந்தாலும்" என்பதில்தான் தொலைந்த கிலோக்களில் ஒரு பங்கு ஒளிந்திருந்தது. கணக்கியலில் மொத்தம் வேறு, நிகரம் வேறு. பயிற்சி உடலியலில் மெட் என்று ஓர் அலகு உண்டு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நிலை 1 மெட். நிமிடத்துக்கு, கிலோவுக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று அதற்கு மதிப்பு வைத்திருக்கிறார்கள். எளிதாகச் சொன்னால் மணிக்கு, கிலோவுக்கு சுமார் 1 கலோரி. சாதாரண வேக நடை 3.5 மெட். ஒரு மணி நேரம் நடந்தால் எனக்கு 266. ஆனால் நடக்காமல் இருந்திருந்தாலும் 76 போயிருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 190 மட்டுமே.

என் செயலி என்ன செய்தது? நாள் முழுவதற்குமான ஓய்வுச் செலவை ஏற்கெனவே ஒரு வரியில் எழுதிவிட்டு, பயிற்சியின் மொத்தச் செலவை அதன் மேல் மறுபடி ஏற்றியது. பயிற்சி மணி ஒவ்வொன்றுக்கும் எழுபது கலோரி இரட்டைப் பதிவு. வாரத்துக்கு ஐந்து மணி, அந்த 300 நாளுக்கு 43 வாரம்: 15,000 கலோரி, இரண்டு கிலோ. பட்டயப் படிப்பு மாணவன் செய்தால் தேர்ச்சி பெற முடியாத பிழை இது. சில செயலிகள் இதைச் சரியாகக் கழிக்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தில் கால் பங்கு கூடுதலாக எழுதியதை வாரம் 25 கிலோமீட்டருக்குப் போட்டால் அது ஓராண்டில் இன்னொரு இரண்டரை கிலோவுக்கு மேல் வருகிறது. ஆக ஐந்து கிலோவுக்கு அருகே பிடிபட்டது. மீதி மூன்றரை கிலோ வரவுப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது நான் சாப்பிட்டதில். மனிதர்கள் தாங்கள் உண்பதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்பது, ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து அன்றாடச் செலவை அளக்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட உண்மை. எனக்கு விதிவிலக்குக் கேட்க முகமில்லை. கடிகாரம் 500 என்று காட்டிய நாளில் நான் உட்கார்ந்து உண்ட உரிமையுணர்ச்சி தனி.

சாப்பாடு மட்டுமல்ல. நீண்ட ஓட்டம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம் தவிர்த்த என் அடிகளின் எண்ணிக்கையைத் தனியே எடுத்துப் பார்த்தேன். மற்ற நாட்களில் பாதிகூட இல்லை. ஓடி முடித்த பெருமையில் பகல் முழுக்கச் சாய்வு நாற்காலியில் கழிந்திருக்கிறது. இதற்குப் பெரிய அளவில் ஒரு ஒப்புமை உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாடச் செலவை மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், நாளெல்லாம் நடமாடும் அவர்களின் மொத்தச் செலவும் மேலை நாடுகளில் நாற்காலியில் வேலை பார்ப்பவர்களின் செலவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பயிற்சிக்குக் கொடுத்ததை உடல் வேறு துறைகளில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவருடைய விளக்கம். அதை முழுதாக ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. என் சாய்வு நாற்காலி அவர் பக்கம்.

தேறியவனுக்குத் தண்டனை

நீண்ட நாள் பயன்படுத்தினால் மட்டும் தெரியவரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆண்டில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் என் துடிப்பு 162. மூன்றாம் ஆண்டில் அதே வேகம், அதே பாதை, துடிப்பு 146. பயிற்சியால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தம் கூடுகிறது, தசைகளும் ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்கின்றன. கொண்டாட வேண்டிய செய்தி. ஆனால் 5 கிலோமீட்டருக்கு முதல் ஆண்டில் 560 காட்டிய கடிகாரம் மூன்றாம் ஆண்டில் 470 காட்டியது. என் எடை ஒரு கிலோ குறைந்ததற்கு ஆறு ஏழு கலோரி போகலாம். ஓட்ட நடை சற்றே சிக்கனமாகியிருக்கலாம். தொண்ணூறு எங்கே போகும்? நகர்த்திய எடையும் தூரமும் கிட்டத்தட்ட அதேதான். துடிப்பு குறைந்ததை வேலை குறைந்ததாக அது படித்துக்கொண்டது.

கோடையில் இதன் மறுபக்கம். வெயிலில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறையும். ஆகவே அதே வேகத்துக்கு இதயம் பத்துப் பன்னிரண்டு முறை கூடுதலாகத் துடிக்கிறது. கடிகாரம் அதையும் கலோரியாக எழுதி மகிழ்கிறது. வெயிலில் ஓடினால் கொழுப்பு கரையும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த எண் ஒரு பொய்ச் சாட்சி. எடைப்பொறியில் அன்று குறையும் ஒன்றரை கிலோவும் வியர்வைதான். தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

எடை தூக்கும் பயிற்சியிலும் இதே கூத்து. மூச்சை அடக்கிப் பளுவை உயர்த்தும்போது இரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது.

மூன்றாம் ஆண்டின் நடுவில் ஓர் இரவு கடிகாரம் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலை அதே பாதை, அதே துடிப்பு, அதே நேரம். 470க்குப் பதில் 405. என்ன மாற்றினார்கள் என்று எங்கும் ஒரு வரி இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "துல்லியம் மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அப்படியானால் முந்தைய இரண்டரை ஆண்டுப் பதிவுகள்? அவை அப்படியே பழைய எண்களோடு கிடக்கின்றன. ஆண்டு ஒப்பீட்டு வரைபடத்தில் நான் திடீரென்று சோம்பேறியான மாதம் ஒன்று இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கிலோவுக்கு ஒன்று, கிலோமீட்டருக்கு ஒன்று என்ற வாய்ப்பாட்டின்படி என் 5 கிலோமீட்டரின் மொத்தச் செலவு 415 அளவில் வரும். 405 கிட்டத்தட்டச் சரி. துடிப்பு குறைந்ததால் வந்த தவறும் புதிய சூத்திரமும் சேர்ந்து விடையை நேராக்கிவிட்டன. இதை எங்கள் தொழிலில் ஈடுசெய் பிழை என்போம். இருப்பாய்வு ஒத்துப்போகும், ஏடுகள் தவறாகவே இருக்கும்.

சைக்கிளில் கிடைத்த நேர்மை

பவர் மீட்டரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பெடலில் விழும் விசையையும் சுழற்சி வேகத்தையும் நேரடியாக அளந்து வாட்டில் சொல்கிறது. என் மனநிலை, வெயில், உறக்கக்குறைவு எதுவும் அந்த எண்ணைத் தொடாது. அதைவிட அழகு அதன் கலோரிக் கணக்கு. ஒரு மணி நேரம் 150 வாட் மிதித்தால் வெளியே செய்த வேலை 540 கிலோஜூல். ஒரு கலோரி என்பது 4.184 கிலோஜூல். ஆனால் மனித உடல் சைக்கிளில் தான் செலவழிப்பதில் 20 முதல் 25 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகிறது, மீதி வெப்பம். நாலால் வகுக்க வேண்டியதும் நாலால் பெருக்க வேண்டியதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், திரையில் தெரியும் கிலோஜூல் எண்ணையே கலோரி என்று படித்துவிடலாம். ஆய்வகத்தில் என் திறன் 22 சதவீதம் என்று வந்தது. அதனால் எனக்குச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும், 540க்கு 590 போல. பிழை பத்து சதவீதத்துக்குள் நிற்கிறது. இப்படி ஒரு கருவி ஓட்டத்துக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கவைக்கிறது.

இதே கணக்கை மாடிப்படிக்குப் போட்டுப் பார்த்து மனம் நொந்தேன். 75 கிலோவை 3 மீட்டர் உயர்த்த 2.2 கிலோஜூல். உடலின் திறனால் வகுத்தால் மாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4 கலோரி. லிஃப்ட்டைத் தவிர்த்துப் பத்து மாடி ஏறிவிட்டு வீரனாக உணர்ந்த நாட்கள் கண்முன் வந்து போயின. இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது, மறுக்கவில்லை. கொழுப்புக் கணக்கில் அது சில்லறை.

கலோரி சொல்லாத சுமை

இத்தனை நாள் கலோரியைத் துரத்தியதில் வேறொன்றைக் கவனிக்காமல் விட்டேன். உடல் படும் பாடும் உடல் செய்யும் செலவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மலைப்பாதை ஒன்றில் 8 கிலோமீட்டர் இறக்கத்தை ஓடி இறங்கினேன். கடிகாரம் காட்டியது சொற்பம், அது நியாயமும்கூட. 20 சதவீதச் சரிவில் இறங்கி ஓடும்போது மீட்டருக்கான செலவு சமதளத்தில் ஆவதில் பாதிதான் என்று உடலியல் ஆய்வாளர் மினெட்டி குழுவினர் 2002இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டுபோலப் பக்கவாட்டில் படியிறங்கினேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. அதற்கு ஆக்சிஜன் கொஞ்சம்தான் வேண்டும். தசையிழைகளுக்கு நேரும் சேதமோ நிறைய. அந்த வாரத்தைக் கடிகாரம் "இலகுவான வாரம்" என்று பாராட்டியிருந்தது.

பேட்மிண்டனிலும் இதைப் பார்க்கிறேன். ஒரு மணி நேர ஆட்டத்தில் கடந்த தூரம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் வலைக்குப் பாய்ந்து ஒரு காலில் உடலை நிறுத்தி, மறுகணமே பின்வாங்க வேண்டும். வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் உடலுக்கு அது மேடேறி ஓடுவதற்குச் சமம் என்பது உடலியல் ஆய்வாளர் தி பிராம்பெரோ 2005இல் முன்வைத்த கணக்கு. கால்பந்தாட்டக்காரர்களின் செலவை மதிப்பிட இன்று அதையும் கையாள்கிறார்கள். ஓர் ஆட்டத்தில் 10 முதல் 13 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குத் தூரத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கு பொருந்தாததற்குக் காரணமும் அதுதான்.

இதற்கெல்லாம் கடைசியில் எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஓர் எண் போடுவேன். அதை நிமிடங்களால் பெருக்குவேன். பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறை. அதன் வேர் ஸ்வீடன் நாட்டு குன்னர் போர்க் வகுத்த உணர்முயற்சி அளவுகோலில் இருக்கிறது. மலையிறக்கத்துக்கு நான் எழுதியது 8. கடிகாரத்தின் கண்ணுக்கு அகப்படாததைத் தொடை சொல்லி நான் எழுதினேன். அகநிலைக் கணிப்பு என்று முதலில் முகம் சுளித்தவன்தான். ஆனால் எந்த வாரம் அளவு மீறினேன், எந்த வாரத்துக்குப் பின் முழங்கால் வலித்தது என்பதை அந்த நோட்டுதான் சரியாகக் காட்டுகிறது.

கருவிகளின் உடல்நிலை குறித்தும் சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் தாங்கிய கடிகார மின்கலம் இப்போது மூன்று நாளில் ஓய்ந்துவிடுகிறது. ரப்பர் பட்டையின் கீழ் ஒருமுறை தோல் சிவந்து தடித்தது. சோப்பு நுரையும் வியர்வையும் தங்கியதே காரணம். கழற்றிக் கழுவித் துடைத்துக் கட்டியபின் வரவில்லை. மார்புப் பட்டையின் துணிப்பகுதி பதினான்கு மாதத்தில் நெகிழ்ந்துபோய் மாற்றினேன். துவைக்காமல் விட்டால் நாற்றம் ஊரைக் கூட்டும். திரையில் கீறல் இல்லை. ஜிபிஎஸ் தூரம் நான்கு ஆண்டுகளும் நம்பகமாக இருந்தது.

மறுபடி வாங்குவதாக இருந்தால்? மார்புப் பட்டை, கண்டிப்பாக. சைக்கிள் ஓட்டுகிறவராக இருந்தால் பவர் மீட்டர். கடிகாரத்தை நேரத்துக்கும் தூரத்துக்கும் வேண்டுமானால் வாங்குவேன். ஒரே பாதை, ஒரே வேகம், துடிப்பு என்ன என்று மாதம் ஒருமுறை குறித்துக்கொள்வதற்கு அது போதும். என் நான்கு ஆண்டுத் தேர்ச்சியை நேர்மையாகக் காட்டிய ஒரே எண் அதுதான். கலோரிப் பெட்டியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். செயலியில் உணவு எழுதுவதையும் நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை எடைபார்க்கிறேன். இப்போது 74. முதல் ஆண்டில் அவ்வளவு எழுதிக் குறைத்தது ஒன்றரை கிலோ, எழுதாமல் குறைந்தது இரண்டரை.

கடிகாரத்தை மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதினாறு வயது, 52 கிலோ. சென்ற மாதம் என்னிடம் சொல்லாமல் கட்டிக்கொண்டு பேட்மிண்டன் ஆடிவிட்டு வந்து, "அப்பா, ஒரு மணி நேரத்தில் 610 கலோரி!" என்று துள்ளினாள். அவள் மணிக்கட்டில் இருந்துகொண்டு என் எடை, என் வயது, என் பாலினம் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். முதலில் உள்ளே போய் அந்த மூன்றையும் மாற்ற வேண்டும். என் எடைக்கு நேராக இன்னும் 76 என்றே இருக்கிறது.